முதல் பெரிய வாட்ச்: பெர்பெச்சுவல் காலண்டரா, மினிட் ரிப்பீட்டரா?

வெள்ளிமுள்

என்னிடம் இதுவரை இருப்பதெல்லாம் ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள குரோனோகிராஃப்கள்தான். அடுத்து பெரிய காம்ப்ளிகேஷன் (நேரம் காட்டுவதற்கு மேல் செய்யும் வேலை) உள்ள வாட்ச் ஒன்று, ஒன்றே ஒன்று, வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். அவசரம் எதுவும் இல்லை. இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று படேக் பிலிப் 3940, மாதங்களின் நாள் கணக்கையும் லீப் வருடத்தையும் தானே பார்த்துக்கொள்ளும் பெர்பெச்சுவல் காலண்டர், மஞ்சள் தங்கம், பெட்டியும் சான்றிதழும் கூடவே இருக்கின்றன. இன்னொன்று 1990களில் வந்த ஒரு மினிட் ரிப்பீட்டர், கேட்கும்போது நேரத்தை மணியடித்துச் சொல்வது. அதைச் செய்த சிறிய நிறுவனம் அதற்கப்புறம் இரண்டு முறை கைமாறிவிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை.

ரிப்பீட்டர்தான் காம்ப்ளிகேஷன்களின் உச்சம் என்று படித்திருக்கிறேன். அதே பணத்துக்கு உச்சமே கிடைக்கும்போது காலண்டருக்கு ஏன் போக வேண்டும் என்று ஒரு மனம் கேட்கிறது. இவ்வளவு சிக்கலான ஒன்றை வாங்கிவிட்டு அப்புறம் என்ன பாடு படப்போகிறோமோ என்று இன்னொரு மனம் கேட்கிறது. இவற்றை வைத்துப் புழங்கியவர்கள் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சாவிகொடுப்பவன்

3940-ஐ வாங்குங்கள். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் இது புரியும்.

பெர்பெச்சுவல் காலண்டர் என்பது அடிப்படையில் ஒரு ஞாபகம். பல வாட்ச்களில் நான்கு வருடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் ஒரு கேம் (விளிம்பு மேடுபள்ளமாக வெட்டிய சக்கரம்) இருக்கும், அதன் விளிம்பில் 48 மாதங்களுக்கும் 48 இடங்கள். 31 நாள் மாதத்துக்கு விளிம்பு அப்படியே முழுசாக இருக்கும், 30 நாள் மாதத்துக்குச் சிறிய பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம், லீப் வருட பிப்ரவரிக்கு அதைவிட ஒரு துளி ஆழம் குறைவு. ஒரு நெம்புகோலின் மூக்கு அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்து, இன்று இரவு தேதி எத்தனை பல் தாவ வேண்டும் என்று முடிவு செய்கிறது. 1,461 நாட்களுக்கு மனிதக் கை படாமல் இது ஓடுகிறது. 2100-ஆம் ஆண்டு நான்கால் வகுபட்டாலும் லீப் வருடம் அல்ல, அது இந்தக் கேமுக்குத் தெரியாது. அதனால் அந்த வருடம் மார்ச் 1 அன்று மட்டும் யாராவது ஒருவர் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

3940 வந்தது 1985-இல், அதற்குப் பிறகு சுமார் இருபது வருடம் தயாரிப்பில் இருந்தது. 36 மில்லிமீட்டர் கேஸ். உள்ளே ஓடுவது 240 கியூ என்ற மூவ்மென்ட் (வாட்சின் இயந்திரம்), கை அசைவில் சாவி கொடுக்கும் சின்ன ரோட்டர் மூவ்மென்டுக்குள்ளேயே பதிந்திருக்கும், காலண்டர் தகட்டோடு சேர்த்தும் மொத்த உயரம் 4 மில்லிமீட்டரைத் தொடாது. அடிப்படை 240 மூவ்மென்ட் 1977-இல் வந்தது, இன்றும் அதே நிறுவனத்தின் புதிய வாட்ச்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். உதிரி பாகம் இருக்கிறது, அதைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகள் இருக்கின்றன, நாளைக்கும் இருக்கும். 24 மணி முள்ளும் லீப் வருட முள்ளும் டயலிலேயே இருப்பதால் திருத்தும்போது தடுமாற்றம் வராது.

ரிப்பீட்டரை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் அந்த ஒரு ரிப்பீட்டரைத்தான் வேண்டாம் என்கிறேன். கைமாறிய நிறுவனம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஓசைவிரும்பி

சாவிகொடுப்பவன் அண்ணா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ரிப்பீட்டர் பக்கம் நின்று யாராவது பேச வேண்டும்.

காலண்டர் நள்ளிரவில் நீங்கள் தூங்கும்போது வேலை செய்கிறது. ரிப்பீட்டர் நீங்கள் கேட்டால் பதில் சொல்கிறது. கேஸின் ஓரத்திலுள்ள ஸ்லைடை இழுத்தால் அந்த இழுப்பிலேயே தனி ஸ்பிரிங் ஒன்று முறுகுகிறது, நத்தை ஓடு போல் படிப்படியாக வெட்டிய கேம்கள் மேல் பல் வரிசைகள் விழுந்து மணி, கால்மணி, நிமிடம் மூன்றையும் படித்துச் சொல்கின்றன. மணிக்குத் தாழ்ந்த ஒலி, கால்மணிக்கு இரட்டை ஒலி, நிமிடத்துக்கு உயர்ந்த ஒலி. 12:59-க்கு இழுத்தால் மணிக்கு 12 அடி, கால்மணிக்கு 3 ஜோடி, நிமிடத்துக்கு 14, ஆக மொத்தம் 32 அடி. இதையெல்லாம் செய்வது மூவ்மென்டைச் சுற்றி வளைத்து வைத்த இரண்டு கம்பிகளும் இரண்டு சின்னச் சுத்தியல்களும். அந்தக் கம்பியை அரத்தால் துளித்துளியாக ராவி ராவித்தான் சுருதி சேர்க்கிறார்கள். ஒரே மாடலில் இரண்டு வாட்ச் ஒரே மாதிரி ஒலிக்காது.

அதனால் வாங்குவதாக இருந்தால் நேரில் போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டும், வீடியோவை வைத்து முடிவு செய்யவே கூடாது. மைக் எல்லாவற்றையும் பெரிதாக்கி அழகாக்கிவிடும். அமைதியான அறையில் மேசை மேல் வைத்து ஒரு முறை, கையில் கட்டி ஒரு முறை கேளுங்கள். 12:59-இல் கடைசி நிமிட அடிகளின் வேகம் தளர்கிறதா என்று பாருங்கள். தளர்ந்தால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், எண்ணெய் காய்ந்திருக்கலாம். அடிக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பழைய நங்கூர வகையாக இருந்தால் அந்த இரைச்சல் இயல்பு, மையவிலக்கு வகையாக இருந்தால் ஏறக்குறைய ஓசையே கேட்காது. அப்புறம் கேஸின் உலோகம். பிளாட்டினம் கனம் அதிகம், ஒலியை விழுங்கும். ரோஸ் கோல்ட் நல்லது. எஃப்.பி. ஜூர்ன் என்ற வாட்ச் கலைஞர் 2006-இல், தானாகவே மணியடிக்கும் சொன்னரி சுவரேன் வாட்சைக் கொண்டுவந்தபோது அவ்வளவு விலை உயர்ந்த ஒன்றுக்கு வேண்டுமென்றே ஸ்டீல் கேஸ் வைத்தார், ஒலிக்காகத்தான்.

அடித்துக்கொண்டிருக்கும்போது கிரவுனை (சாவி கொடுக்கும் திருகை) இழுத்து நேரம் மாற்றக்கூடாது. பல் உடைந்தால் அந்தப் பல்லைக் கையால்தான் செய்து தர வேண்டியிருக்கும். தண்ணீர் பக்கமே போகக்கூடாது, ஸ்லைடு இருக்கும் கேஸில் பெரும்பாலும் தூசிக்கும் ஈரக்காற்றுக்கும் மட்டுமே பாதுகாப்பு.

இவ்வளவு கட்டுப்பாடும் அந்த ஒலிக்கு ஈடு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறைநிலா59

'உச்சம்' என்ற பேச்சை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சேகரிக்கத் தொடங்குகிறவர்களை வழி தவறச் செய்வது இதுதான்.

எண்ணிக்கைதான் உச்சம் என்றால், ஹென்றி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளருக்காக 1925-இல் தொடங்கி 1933-இல் கொடுத்த படேக் கடிகாரத்தில் 24 காம்ப்ளிகேஷன், 1989-இன் காலிபர் 89-இல் 33, 2015-இல் வாஷெரோன் கான்ஸ்டன்டின் செய்த 57260-இல் 57. மூன்றும் கையில் கட்டும் கடிகாரங்களே அல்ல. 57260 ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. மதிப்பு எண்ணிக்கையோடு ஏறுவதாக இருந்தால் பிலிப் துஃபூர் என்ற கலைஞரின் சிம்ப்ளிசிட்டி வாட்சை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். நேரமும் சின்ன விநாடி முள்ளும் மட்டும்தான் அதில், சுமார் 200 தான் செய்தார், ஒன்று 2020-இல் ஏலத்தில் 10 லட்சம் சுவிஸ் பிராங்கைத் தாண்டியது. உள்ளே சக்கரங்களைத் தாங்கும் பாலங்களின் விளிம்புகளைக் கையால் சரிவாகத் தீட்டியிருப்பதை லென்ஸில் பார்த்தால் போதும், காரணம் தெரிந்துவிடும். அதே மனிதர்தான் 1992-இல், தானாகவே மணியடிக்கும் இரண்டு முறைகளான கிராண்ட் சொன்னரியையும் பெட்டி சொன்னரியையும் முதல் முறையாக ஒரு கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவந்தவர், எனவே சிக்கலானது செய்யத் தெரியாமல் எளியதைச் செய்யவில்லை.

ஏலச் செய்திகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019-இல் படேக்கின் ஸ்டீல் கிராண்ட்மாஸ்டர் சைம் 3 கோடியே 10 லட்சம் பிராங்குக்குப் போனது, ஆனால் அது நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டிய தர்ம ஏலம், அந்த விலையை வைத்து மற்றதை அளக்க முடியாது. நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா 2017-இல் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது, அது சாதாரண குரோனோகிராஃப்தான், விலை யார் கையில் இருந்தது என்பதற்கு. படேக்கின் 1518 என்ற பெர்பெச்சுவல் காலண்டர் குரோனோகிராஃப் 1941-இல் வந்தது, மொத்தம் 281 செய்தார்கள், அதில் ஸ்டீலில் தெரிந்தவை நான்கு. அப்படி ஒன்று 2016-இல் 1 கோடியே 10 லட்சம் பிராங்க். அதே மூவ்மென்ட், அதே வேலை, தங்கத்தைவிட மலிவான உலோகம்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் மட்டும் போதாது, தேடுகிறவர்களும் இருக்க வேண்டும். வெள்ளிமுள் பார்த்திருக்கும் ரிப்பீட்டர் உலகத்தில் இருபதுதான் இருக்கும் என்று விற்பவர் சொல்லுவார். அந்த இருபதைத் தேடி எத்தனை பேர் அலைகிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

பழையடயல்

மாடல் எது என்பதற்கு முன்னால் நிலை எப்படி என்று பாருங்கள். இந்த இழையில் இன்னும் யாரும் இதைத் தொடவில்லை.

பழைய தங்கக் கேஸ்களுக்குப் பெரிய எதிரி பாலிஷ். ஒவ்வொரு சர்வீஸிலும் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கத்தைத் தேய்த்துவிடுவார்கள். லக் (பட்டை மாட்டும் கொம்பு) ஓரங்கள் கூர்மையாக நிற்கின்றனவா, ஹால்மார்க் முத்திரை ஆழமாகத் தெரிகிறதா, பக்கவாட்டில் பெர்பெச்சுவலைத் திருத்தும் சிறு பொத்தான்களைச் சுற்றி ஊசி கீறிய வடு இருக்கிறதா, எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். தேய்ந்த தங்கத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. லேசர் வெல்டிங்கில் நிரப்புகிறார்கள்தான், ஆனால் தெரிந்தவர் கண்ணுக்கு அது தெரிந்துவிடும்.

டயல் அதைவிட நுணுக்கம். பழைய படேக் டயல்களில் எழுத்துகளைத் தகட்டில் செதுக்கி, எனாமல் நிரப்பி, சூளையில் சுட்டிருப்பார்கள். அதனால் எழுத்து லேசாக மேடிட்டு நிற்கும். யாராவது அழுத்தித் துடைத்திருந்தால் மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும், குறிப்பாக ஜெனீவ் என்று பிரெஞ்சில் எழுதும்போது மேலே வரும் சிறு சாய்கோடு. அது மங்கி இருந்தால் டயலைக் கழுவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சாய்கோடு இருக்கிறதா இல்லையா என்பதில் விலையில் பெரிய வித்தியாசம் விழும், அது நியாயம்தான்.

காகிதங்கள் பற்றி ஒன்று. நிறுவனம் தரும் ஆவணச் சுருக்கம், அந்த எண் கொண்ட மூவ்மென்டும் கேஸும் எப்போது செய்தது, எப்போது விற்றது என்று பதிவேட்டில் உள்ளதை மட்டும் சொல்லும். உங்கள் கையில் இருக்கும் டயலும் முட்களும் அன்று இருந்தவைதானா என்பதற்கு அது சாட்சி அல்ல. முதல் விற்பனையோடு வந்த சான்றிதழ் தொலைந்தால் மறுபடி எழுதித் தரவும் மாட்டார்கள், அதனால்தான் அது கூடவே இருப்பதற்கு அவ்வளவு மதிப்பு. வாட்ச் உண்மையில் என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்வது பிரித்துப் பார்த்த கண் மட்டும்தான். 2021-இல் ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1 ஏலத்தில் 30 லட்சம் பிராங்கைத் தாண்டிப் போனது, பழுப்பேறிய டயல் என்று எல்லோரும் கொண்டாடினார்கள், வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்கு. 2023-இல் அது பல இடங்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது என்று வெளியே வந்தது. செய்த நிறுவனத்தையே ஏமாற்ற முடிந்திருக்கிறது என்றால் நாம் எத்தனை முறை பார்த்தாலும் தகும்.

வாங்கும் முன் எண்ணைத் திருட்டுப் பதிவேடுகளில் சரிபாருங்கள். ஏலத்தில் எடுப்பதானால் சுத்தியல் விலைக்கு (ஏலம் முடிந்த விலைக்கு) மேல் சுமார் கால் பங்கு கட்டணம் சேரும் என்பதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, பிளாஸ்டிக் உறை பிரிக்காத வாட்ச்களுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள், எனக்கு அது ஏற்பில்லை. முப்பது வருடம் உறைக்குள் கிடந்தால் எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும், எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும். செய்தவர் அதை ஓடவே செய்தார்.

ஓசைவிரும்பி

பழையடயல் எழுதியது முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பிறைநிலாவின் கடைசிப் பத்தியில் மட்டும் எனக்கு முரண்பாடு. எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பது விற்கப்போகிறவரின் கேள்வி. வெள்ளிமுள் ஒன்றே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறவர். யாரும் தேடாத ஒரு ரிப்பீட்டர் நன்றாக ஒலித்தால், அதை அந்த ஒலிக்காக வாங்குகிறவர்தான் என் கணக்கில் சேகரிப்பாளர். பெரிய பெயர்களை மட்டுமே துரத்தியிருந்தால் தனியாக உட்கார்ந்து வேலை செய்த எந்தக் கலைஞரையும் யாரும் தொடக்கத்தில் ஆதரித்திருக்க மாட்டார்கள். ஜூர்னின் ஆரம்பகால வாட்ச்களில் மூவ்மென்ட் பித்தளையில் இருக்கும், 2004-க்குப் பிறகுதான் தங்கத்துக்கு மாறினார். அன்று பெயருக்காக இல்லாமல் வேலைக்காக அவற்றை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். இன்று எல்லோருக்கும் அந்தப் பித்தளைதான் வேண்டும்.

வெள்ளிமுள்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ரிப்பீட்டரை நேரில் கேட்டேன். ஒலி அருமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடைசி நிமிட அடிகள் தெளிவாகவே தளர்ந்தன. சர்வீஸ் செய்தால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்கிறார். யார் செய்வார்கள் என்று கேட்டால் நேரடியாகப் பதில் வரவில்லை. இது பெரிய விஷயமா?

சாவிகொடுப்பவன்

பெரிய விஷயம்தான். ஓசைவிரும்பி சொன்னதில் ஒரு நல்ல பாயிண்ட் இருக்கிறது, ஆனால் ஜூர்ன் இன்றும் இருக்கிறார், தன் பழைய வாட்ச்களைத் தானே எடுத்துச் சரிசெய்கிறார். படேக் 1839 முதல் தான் செய்த எதையும் சரிசெய்து தருவதாகச் சொல்கிறது. உங்கள் ரிப்பீட்டருக்குப் பின்னால் அப்படி ஒருவர் நிற்கிறாரா என்பதுதான் கேள்வி.

ரிப்பீட்டரைப் பிரிப்பது காலண்டரைப் பிரிப்பது போல அல்ல. காலண்டர் தகட்டில் ஒவ்வொரு பாகமும் ஒரு நிலையான இடத்தில் உட்காரும், நெம்புகோல் பள்ளத்தில் விழுகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். ரிப்பீட்டரில் பல பாகங்கள் அந்த ஒரு வாட்சுக்கென்றே கையால் ராவிப் பொருத்தியவை. சுத்தியல் கம்பியை அடித்துவிட்டு எவ்வளவு சீக்கிரம் பின்வாங்குகிறது என்பதை மயிரிழை அளவில் வளைத்துச் சரிசெய்ய வேண்டும். அதிகம் தள்ளினால் ஒலி மெலியும், குறைவாகத் தள்ளினால் சுத்தியல் கம்பியிலேயே படிந்து கரகரக்கும். செய்தவர் விட்டுச் சென்ற வரைபடமோ உதிரி பாகமோ இல்லை என்றால், அடுத்தவர் அந்த வாட்சைத் தானே மறுபடி கண்டுபிடித்தாக வேண்டும். அப்படிச் செய்யக்கூடியவர்கள் உலகம் முழுவதும் கொஞ்சம் பேர்தான். அவர்களிடம் வேலை வரிசை நீளம், மாதக் கணக்கில் இல்லை, வருடக் கணக்கில்கூடப் போகலாம்.

அதற்காக உள்ளே யாருடைய மூவ்மென்ட் என்று பார்க்காமல் ஒதுக்கவும் வேண்டாம். பல சிறிய பெயர்கள் வெளியே ரிப்பீட்டர் மூவ்மென்ட் வாங்கித்தான் பூட்டினார்கள். அந்த மூவ்மென்ட் செய்தவர் இன்றும் தொழிலில் இருந்தால் கதை வேறு. பின்மூடியைத் திறந்து, தகட்டில் செய்தவர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். விற்பவர் திறக்க மறுத்தால் அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள்.

மெல்லியகேஸ்

3940 தவிர வேறு எதையும் பார்க்கவில்லையா? ஆடமார் பிகே 5548 என்று ஒன்று உண்டு. 1978-இல் வந்தது, அன்றைக்கு உலகிலேயே மெல்லிய ஆட்டோமேட்டிக் பெர்பெச்சுவல். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்களின் அலையில் எத்தனையோ பட்டறைகள் மூடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நிறுவனம் இப்படிப்பட்ட ஒன்றைத் துணிந்து செய்தது என்பதற்காகவே எனக்கு அதன் மேல் தனி மரியாதை. மூவ்மென்டின் அடித்தளம் ஜேஜர் லெகூல்டர் 920-இலிருந்து வந்தது.

ஆனால் டயலில் லீப் வருடக் காட்டி கிடையாது. ஓடிக்கொண்டே இருந்தால் கவலையில்லை. நின்றுபோனால் அது எந்த வருடத்தில் நிற்கிறது என்று டயலைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, பிப்ரவரி வரை நகர்த்தி எத்தனை நாளில் மார்ச்சுக்குத் தாவுகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விற்பவர் சரியான வருடத்தில்தான் வைத்திருக்கிறார் என்று நம்பி வாங்கினால் அடுத்த பிப்ரவரியில்தான் தெரியும்.

குரோனோகிராஃப் பிடித்தவர் என்பதால் படேக் 3970-ஐயும் சொல்லிவிடுகிறேன். 1986 முதல் 2004 வரை வந்தது, 1518, 2499 வரிசையின் அடுத்த வாரிசு, அடித்தளம் லெமானியா 2310. 3940-ஐவிட விலை அதிகம், கையால் சாவி கொடுக்க வேண்டியது. குரோனோகிராஃப் பொத்தானை அழுத்தும்போது விரலுக்குக் கிடைக்கும் அந்த வழுக்கலான எதிர்ப்பை இன்றைய புதிய வாட்ச்கள் பலவற்றில்கூட நான் உணர்ந்ததில்லை.

வெள்ளிமுள்

ரிப்பீட்டரின் பின்மூடியைத் திறக்க விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை. விட்டுவிட்டேன், வருத்தம் இருக்கிறது, அந்த ஒலி இன்னும் காதில் நிற்கிறது. 3970 என் கைக்கு எட்டாது. 3940-ஐ லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஹால்மார்க் ஆழமாக இருக்கிறது, லக் ஓரம் கூர்மை, பொத்தான்களைச் சுற்றி ஒரே ஒரு மெல்லிய கீறல். எண்களும் சான்றிதழும் பொருந்துகின்றன. எடுக்கப் போகிறேன். வாட்ச் இப்போது நின்றுபோய்க் கிடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் எப்படித் திருத்துவது? வாட்சைச் சுழற்றி ஓடவைக்கும் வைண்டர் பெட்டி அவசியமா?

சாவிகொடுப்பவன்

நல்ல முடிவு. வைண்டர் அவசியமில்லை. நின்றிருப்பதால் வாட்ச் கெடாது, சும்மா ஓடிக்கொண்டே இருந்தால்தான் தேய்மானம். அடிக்கடி கட்டுவதாக இருந்தால் அதுவே ஓடும், திருத்தும் வேலை வராது.

திருத்தும் முறை: முதலில் கிரவுனால் சாவி கொடுத்து ஓட விடுங்கள். நேரத்தை முன்பக்கமாக நகர்த்தி, 24 மணி முள் பகலைக் காட்டும்படி கொண்டுவாருங்கள். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் நடுவில் பொத்தான்களைத் தொடவே கூடாது, அந்த நேரத்தில் நெம்புகோல்கள் பற்களைக் கவ்விக்கொண்டிருக்கும். அப்புறம் கூட வந்த ஊசியால், வேறு எதாலும் வேண்டாம், புத்தகத்தில் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தமும் முழுசாக உள்ளே போய் வெளியே வர வேண்டும், பாதியில் விட்டால் முள் இரண்டு எழுத்துக்கு நடுவில் நிற்கும். தேதியை நாளைக்கு என்று தாண்டிவிட்டால் பின்னால் இழுக்க வழியில்லை, வாட்சை நிறுத்திவைத்து அந்த நாள் வரும்வரை காத்திருங்கள்.

பிறையைக் கடைசியில் செய்யுங்கள். பஞ்சாங்கத்தில் கடந்த பௌர்ணமி எந்த நாள் என்று பாருங்கள், ஜன்னலில் நிலா முழுசாக நடுவில் வரும்வரை அழுத்துங்கள், அதற்கப்புறம் எத்தனை நாள் ஆகியிருக்கிறதோ அத்தனை முறை அழுத்தினால் போதும்.